நெருங்கிய பொருத்தம் ஒன்று கிடைத்துள்ளது

நாகர்கோவில் மழைப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்கள், காலையில் பிள்ளைகளைப் பொது ஃபோல்டரில் விட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். முதலில் குடையை ஜன்னல் கம்பியில் மாட்ட வேண்டும். அப்புறம்தான் பிள்ளை. அவசரத்தில் வரிசை மாறினால் குடை ஃபோல்டருக்குள் போய்விடும். பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் போகிற பஸ்களுக்கெல்லாம் சாயங்காலம் வரை டாட்டா காட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்றும் மோசமில்லை. குடையைத் தேடி எடுப்பதுதான் சிரமம்.

ஃபோல்டர் நல்ல விசாலமானது. ஒரு பக்கம் கேன்டீன் சாமான்கள், இன்னொரு பக்கம் பழைய வருஷத்து மழைகள், நடுவில் பிள்ளைகள். ஐப்பசி மழைகள் இருக்கும் இடத்தை யாராவது சரியாக மூடாமல் போனால் பிள்ளைகள் தலை நனைந்து உட்கார்ந்திருப்பார்கள். பழைய மழை என்பதால் சளி பிடிக்காது.

முன்பெல்லாம் அந்த ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று இருந்தது. கணக்குப் பிரிவு செல்வின் ஒரு நாள் கை சும்மா இருக்காமல் அதைச் சுத்தம் செய்யப் புகுந்தான். பகவதி அக்காவின் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்தான். ஒரே மாதிரி இரண்டு எதற்கு என்று ஒருவனை நீக்கிவிட்டான். ரீசைக்கிள் பின்னைத் திறந்து எடுத்தபோது, யாரோ வேண்டாமென்று போட்ட சுற்றறிக்கைகளின் மேல் பிள்ளை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். பகவதி அக்கா செல்வினைத் திட்டவில்லை. அவனுடைய சாப்பாட்டு டப்பாவை மட்டும் நீக்கினாள். அன்றைக்கே சிஸ்டம் பார்க்கும் தாணுலிங்கம் ஃபோல்டருக்கு ரீட் ஒன்லி டிக் போட்டார்.

காலையில் பிள்ளைகளை விடும் நேரத்துக்கு மட்டும் அந்த டிக்கை எடுப்பார். கடைசிப் பிள்ளை உள்ளே போனதும் திரும்பப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், தொடலாம், கொஞ்சலாம். மாற்ற முடியாது. பிள்ளை உள்ளே விழும், அழும், முட்டியைச் சிராய்த்துக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது காலையில் விட்ட பிள்ளையாகவே வரும். காலையில் குடித்த பால்கூட வயிற்றில் அப்படியே இருக்கும்.

இதனால் அந்த அலுவலகத்துப் பிள்ளைகள் வேலை நாட்களில் வளர்வதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் பார்த்து வளர்ந்துகொள்வார்கள். பொங்கல் லீவில் நான்கு நாள் சேர்ந்து வந்தால் போதும், வீட்டுக்கு வீடு பல் முளைக்கும்.

வரைபடப் பிரிவில் வேலை பார்த்த பெனிட்டாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. அவளுக்குப் பயங்கள் ஏராளம். மின்விசிறி, சட்டைப் பொத்தான், திராட்சை, பால் ஏப்பம் வராமல் இருப்பது, வந்த ஏப்பம் பெரிதாக இருப்பது. மகன் சஜின் தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். மூச்சு வரும். அது ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்று அடுத்த பயம் தொடங்கும். அவள் கணவன் மெல்பின், "பிள்ளை மூச்சுவிடுறதுக்கு அம்மா கிட்ட பெர்மிஷன் வாங்கணும் போலிருக்கு" என்பான். எதுவும் மாறாத ஒரு இடத்தில் பிள்ளை பகலெல்லாம் இருக்கிறான் என்பதில் பெனிட்டா நிம்மதியாக மழைக்கோடுகள் வரைந்தாள்.

ஒரே ஒரு சின்னக் குறைதான். சஜின் ஃபோல்டருக்குள் எத்தனையோ தடவை முதல்தடவையாகக் கைதட்டினான். ஒவ்வொரு தடவையும் தன் கையிலிருந்து சத்தம் வருவதைக் கேட்டு அவனே சிரித்தான். சாயங்காலம் கைதட்டத் தெரியாதவனாக வீடு வந்தான். பெனிட்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிராய்ப்பும் வருவதில்லையே.

அம்மாக்கள் ஒவ்வொருவரின் டெஸ்க்டாப்பிலும் அவரவர் பிள்ளைக்கு ஒரு ஷார்ட்கட் உண்டு. பிள்ளையின் முகம் சின்னதாக இருக்கும், இடது கீழ் மூலையில் வளைந்த அம்பு ஒன்று இருக்கும். ஒரு தட்டு தட்டினால் உள்ளே பார்க்கலாம். இரண்டு தட்டு தட்டினால் பிள்ளை மடிக்கு வரும்.

புதன்கிழமை மத்தியானம் பெனிட்டா இரண்டு தட்டு தட்டினாள். சஜினின் முகம் வெள்ளைத் தாளாக மாறிற்று. திரையில் ஒரு பெட்டி வந்தது.

'இந்த ஷார்ட்கட் சுட்டும் பிள்ளை மாற்றப்பட்டிருக்கிறது. எடையையும் தேதியையும் வைத்துத் தேடியதில் நெருங்கிய பொருத்தம் ஒன்று கிடைத்துள்ளது. ஏற்கிறீர்களா?'

பெனிட்டா ஆம் என்பதை அழுத்தினாள். மடியில் ஒரு பலாப்பழம் வந்து உட்கார்ந்தது.

கேன்டீன் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். எடை சரியாகத்தான் இருந்தது. தேதியும் சரி, சஜின் பிறந்த வாரத்தில் பூத்திருக்கும் போல. பெனிட்டா அது நழுவிவிடாமல் முழங்கையில் அணைத்துக்கொண்டு, மூக்கு இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேசைக்குத் திரும்பினாள்.

"அக்கா, சஜின் வரமாட்டேங்கான்."

பகவதி அக்கா எட்டிப் பார்த்தாள். "இது வருக்கச் சக்கையாக்கும், பலாவில நல்ல சாதி. நல்லா வெளைஞ்சிருக்கு." பழத்தை வாங்கி இடுப்பில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். "நீ என்னத்துக்கு வெறயல் எடுத்து நடுங்குக? பிள்ளை உள்ளதான் கெடக்கும். என் பயலுவ வழியா பாரு."

பகவதி அக்காவின் ஷார்ட்கட்டை ஒரு தட்டு தட்டினார்கள். உள்ளே இரட்டையர்கள் ஒருவர் காலை ஒருவர் சூப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஒரு பழைய கார்த்திகை மழையின் ஓரத்தில், சஜின் ஈரக் கையை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெனிட்டாவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கினான்.

பெனிட்டா திரைக்குள் கையை விட்டு அவனைத் தொட்டாள். தொட முடிந்தது. தூக்கியபோது வரவில்லை. பகவதி அக்காவின் ஷார்ட்கட் பகவதி அக்காவின் பிள்ளைகளைத்தான் கொடுக்கும். ஐந்து மணிக்கு சர்வரை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் சஜின் மடிக்கு வராவிட்டால், பெனிட்டா நெருங்கிய பொருத்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விதியில் அதற்கு இடமிருக்கிறது. போன மாசம் தபால் பிரிவில் ஒருத்தி அப்படித்தான் ஒரு சின்ன கேஸ் சிலிண்டரை சனிக்கிழமை கொண்டுபோய்த் திங்கட்கிழமை கொண்டுவந்தாள். அது ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்கிற்று என்றாள்.

"எனக்கு என் பிள்ளைதான் வேணும் அக்கா" என்றாள் பெனிட்டா.

"ஆருக்குத்தான் வேண்டாம்? எடேய் தாணு, இங்கன வா."

தாணுலிங்கம் கழுத்தில் கேபிளைத் துண்டு போலப் போட்டுக்கொண்டு வந்தார். முதலில் கணினியை அணைத்துப் போட்டார். அதே நெருங்கிய பொருத்தப் பெட்டிதான் வந்தது. பழைய ஷார்ட்கட்டை அழித்துவிட்டுப் புதிது போடலாமா என்று யோசித்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதான் புது ஷார்ட்கட் போட முடியும். பிள்ளை மடிக்கு வர ஷார்ட்கட் வேண்டும். "அப்பொ அதை அழிக்கப்பிடாது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். கடைசியில் வெள்ளைத்தாள் முகத்தின் மேல் மவுஸின் வலது பக்கத்தைத் தட்டி, அது எதைத் தேடுகிறது என்று பார்த்து, உரக்க வாசித்தார்.

"பொது. பிள்ளைகள். சஜின். எடது காதுக்குப் பின்னால மைப்பொட்டு." அவர் திரும்பினார். "பொட்டு எங்க வச்சிருக்கீங்க மேடம்?"

பெனிட்டா அக்காவின் இடுப்பிலிருந்த பலாப்பழத்தின் முள்ளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து கான்வென்டில் படித்தவள். கண்ணேறு என்பது கணக்கு வராதவர்களின் நம்பிக்கை என்று சிஸ்டர் எமரென்சியா சொல்லியிருந்தார்கள். பெனிட்டாவுக்குக் கணக்கு நன்றாக வரும். பயம் அதைவிட நன்றாக வரும். ஆகவே சஜினுக்குக் கன்னத்தில் பொட்டு வைக்காமல், எந்த சிஸ்டரும் பார்க்காத இடமாக, இடது காதுக்குப் பின்னால் வைத்துவந்தாள். முந்தின நாள் சாயங்காலம் செல்வின் சஜினைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "பிள்ளை காதுக்குப் பின்னால அழுக்கு கெடக்கு, தேச்சுக் குளிப்பாட்டமாட்டீங்களா?" என்று கேட்டான். அதனால் இன்று காலையில் இடத்தை மாற்றிவிட்டாள்.

"வலது உள்ளங்கால்ல" என்றாள்.

"அதான் பாத்தேன்" என்றார் தாணுலிங்கம். "இது காதுல பொட்டுள்ள பிள்ளையத் தேடுது. உள்ள இருக்கது கால்ல பொட்டுள்ள பிள்ளை. ரெண்டும் வேற வேற பிள்ளைன்னு அது நெனைக்குது. அது பேரில தப்புச் சொல்ல முடியாது."

"காதுல ஒண்ணு வச்சுவிட்டாப் போச்சு" என்று பகவதி அக்கா கைப்பையிலிருந்து மைச்சிமிழை எடுத்தாள். விரலில் மையைத் தொட்டு, திரைக்குள் கையை விட்டு, சஜினின் இடது காதுக்குப் பின்னால் அழுத்தி வைத்தாள். பொட்டு ஒரு நொடி இருந்தது. பிறகு வெயில் பாறையில் விழுந்த தூறல் மாதிரி மறைந்துபோயிற்று. இன்னொன்று வைத்தாள். அதுவும் போயிற்று. சஜினுக்குக் கிச்சுகிச்சு மூட்டியது மட்டும் மிச்சம்.

"ரீட் ஒன்லி" என்றார் தாணுலிங்கம். "டிக்கை எடுத்தாத்தான் ஒட்டும். எடுக்கலாம். ஆனா எடுத்து, திரும்பப் போடற வரைக்கும் உள்ள நடக்கது எல்லாம் அப்படியே நிலைச்சுப்போகும். விழுந்தா விழுந்ததுதான். வீங்கினா வீங்கினதுதான். சரின்னா சொல்லுங்க."

பெனிட்டா திரையைப் பார்த்தாள். சஜின் கார்த்திகை மழை அடுக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். பகலெல்லாம் அவன் இதைத்தான் செய்கிறான் போலும், விழுவதும் எழுவதுமாக. டிக் இருக்கும்வரை அவன் நெற்றியில் ஒரு கீறல்கூட நிற்காது. அவன் மடிக்கும் வரமாட்டான். சஜின் பிறந்த இந்தப் பத்து மாசமாக அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த டிக் மாதிரி ஒன்றைத்தான்.

"மழை அடுக்கு வழுக்குமே சார்" என்றாள்.

"வழுக்கும்" என்றார் தாணுலிங்கம்.

"கீழ மெத்தை போடலாமா?"

"போடலாம். ஒட்டாது."

பகவதி அக்கா பழத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். "நெத்தியில ஒரு வீக்கமும் இல்லாம வளந்தவன் ஒருத்தன் இந்த ஆபீஸில இருக்கான்ட்டி. கணக்குப் பிரிவுல. அவனுக்கு மண்டை எப்பிடி இருக்குன்னு பாத்தேல்ல."

செல்வின் தன் மேசையிலிருந்து தலை தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"எடுங்க சார்."

தாணுலிங்கம் டிக்கை எடுத்தார்.

அலுவலகத்தில் எல்லா அம்மாக்களும் எழுந்து பகவதி அக்காவின் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். உள்ளே ஒரு மாற்றமும் தெரியவில்லை. வெளிச்சம் கொஞ்சம் கூடினது போல இருந்தது. பகவதி அக்காவுக்கு இடுப்பு அயர்ந்துவிட்டது. பலாப்பழத்தைத் திரைக்குள் விட்டு, இரட்டையர்களுக்குப் பக்கத்தில் உருண்டுவிடாமல் உட்காரவைத்தாள். அக்காவின் விரலில் மை மிச்சமிருந்தது. "சும்மா சொல்லப்பிடாது, இதுவும் லட்சணமாத்தான் இருக்கு. கண்ணு பட்டிரும்" என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். பொட்டு ஒட்டிக்கொண்டது.

பெனிட்டா மைச்சிமிழைத் தொட்டுக்கொண்டு திரைக்குள் தோள்வரை கையை நீட்டினாள். சஜின் தூரத்தில் நின்றான். அவளுடைய விரல்நுனியில் கறுப்பாக ஒன்று மினுங்குவதைப் பார்த்தான். அது அவனுக்குத் திராட்சை மாதிரித் தெரிந்திருக்கலாம். மழையிலிருந்து கையை எடுத்தான். ஆடினான். குப்புற விழுந்தான். டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

அவன் நெற்றியில் ஒரு நெல்லிக்காய் எழும்பி வந்தது. பெனிட்டா அது எழும்புவதைப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவுக்கு வந்து, அதற்கு மேல் வளராமல் நின்றது. சஜின் ஒரு நீண்ட அழுகை அழுதான். அழுது முடித்ததும் மறுபடி அந்த விரலைப் பார்த்தான். எழுந்தான். இந்தத் தடவை மழையைப் பிடிக்கவில்லை. வலது காலைத் தூக்கி வைத்தான். உள்ளங்கால் பொட்டின் மை தரையில் ஒரு புள்ளியாகப் பதிந்தது. இடது காலைத் தூக்கி வைத்தான். அப்படியே அம்மாவின் கையில் வந்து விழுந்தான்.

பெனிட்டா அவன் இடது காதுக்குப் பின்னால் பொட்டை வைத்தாள். உள்ளங்காலில் இருந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவனை உள்ளேயே உட்காரவைத்துவிட்டுத் தன் மேசைக்கு ஓடினாள். வெள்ளைத்தாளில் சஜினின் முகம் திரும்ப வந்திருந்தது. நெல்லிக்காயும் கூட. இரண்டு தட்டு தட்டினாள். மடி கனத்தது.

"போட்டிரட்டா?" என்று தாணுலிங்கம் அங்கிருந்து கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்று மூன்று அம்மாக்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் உள்ளே எதையோ பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். தாணுலிங்கம் டீ குடிக்கப் போனார். அந்த டீ நேரத்தில் இரண்டு பிள்ளைகள் குப்புறக் கவிழக் கற்றுக்கொண்டார்கள். ஒருத்திக்குப் பல் எட்டிப்பார்த்தது. இரட்டையர்களில் ஒருவன் மற்றவனின் மூக்கில் கீறினான். பகவதி அக்கா அந்தக் கீறலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இனி ஒருத்தனும் டூப்ளிகேட்டுன்னு சொல்ல முடியாது" என்று இரண்டு மேசைக்கு அப்பால் கேட்கும்படி சொன்னாள்.

சாயங்காலம் பெனிட்டா வீடு வந்ததும் மெல்பின் நெல்லிக்காயைப் பார்த்தான். "இது இப்பத்தான் வந்ததா, முன்னாலயே உண்டா?" என்று கேட்டான்.

"இன்னைக்கு வந்தது. இனி போகாது, நிக்கும்" என்றாள் பெனிட்டா. சஜினைத் தரையில் இறக்கி விட்டாள். அவன் சமையலறை வரை நடந்துபோய், உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தான். மெல்பின் அவனையே பார்த்துக்கொண்டு பால் பாக்கெட்டை உடைத்து, தவறிப்போய்த் தன் டம்ளரிலேயே எல்லாவற்றையும் ஊற்றினான்.

மறுநாள் காலை பெனிட்டாவின் டெஸ்க்டாப்பில் சஜினுக்குப் பக்கத்தில் பலாப்பழத்துக்கும் ஒரு ஷார்ட்கட் இருந்தது. இடது கீழ் மூலையில் அம்பு, வலது மேல் ஓரத்தில் பொட்டு. டிக் இல்லாத நேரத்தில் பொட்டோடு உள்ளே வைத்ததால் அதுவும் பிள்ளைகளில் ஒன்றாக நிலைத்துவிட்டிருந்தது. கேன்டீன் மாஸ்டர் குமரேசன் வந்து, பழம் ஒன்று குறைகிறதே என்று விசாரித்தார். திரையில் பார்த்தார். பொட்டையும் பார்த்தார்.

"அப்பொ வெட்டுக்கு ஆகாது" என்றார்.

"ஆகாது" என்றாள் பெனிட்டா.

"வேலை நாளில உள்ள கெடந்தா வளராதே. ஞாயித்துக்கெழம வீட்டுக்குக் கொண்டுபோங்க. கொஞ்சம் வெயில் காட்டுங்க." அவர் இரண்டு வடையைப் பொதிந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். யாருக்கு என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெனிட்டா இரண்டு ஷார்ட்கட்டையும் தட்டினாள். பஸ்ஸில் சஜின் அவள் மடியிலும் பலாப்பழம் பக்கத்து சீட்டு அம்மாவின் மடியிலுமாக வந்தார்கள். அந்த அம்மா இறங்கும்போது, "இவன் ரொம்ப சாது, இல்லையா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்து, முற்றத்தில் பாய் விரித்து, வெயில் விழும் இடமாகப் பார்த்து இருவரையும் உட்காரவைத்தாள். மெல்பின் நாற்காலியைக் கொண்டுவந்து பலாப்பழத்துக்குப் பக்கத்தில் போட்டான், பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கொடியில் துணி காய்ந்தது. பெனிட்டா யார் மூக்குக்குக் கீழேயும் விரல் வைக்காமல் பயறு தோல் நீக்கிக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணி வெயிலுக்குப் பலாப்பழம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. ஆடிற்று. ஒரு அடி வைத்தது.

சஜின் கைதட்டினான். அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் அந்தக் கைதட்டல் அவனோடேயே தங்கிவிட்டது.